பொட்டு வைத்த கயிறு

ஜப்பானுக்குப் போய்வந்தவள் என்று தெரிந்தால் போதும், திண்டிவனத்தில் என்னை யாரும் சும்மா விடுவதில்லை. பூத்த மரத்தடியில் போட்டோ எடுத்தாயா, புல்லட் ரயிலில் ஏறினாயா, பச்சை மீனை எப்படித்தான் தின்றாய் என்று கேட்பார்கள். நான் இருந்த ஊரில் புல்லட் ரயில் நிற்காது என்றதும் முகம் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட ஊருக்கு எதற்குப் போனாய் என்பதுபோல் பார்ப்பார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் நிற்காமல் போகும் வண்டி அபூர்வம். அந்த ஒரு விஷயத்தில் விழுப்புரம்தான் பெரிய ஊர்.

அந்த ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் யாருக்கும் தெரியாது. எங்கள் கம்பெனியின் தாய்க் கம்பெனி அங்கே இருக்கிறது. கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் தகடுகளை அவர்கள் பல காலமாகச் செய்கிறார்கள். அதே தகடுகளைத் திண்டிவனத்துக்கு வெளியே, ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி, நாங்களும் செய்கிறோம். லைன் லீடர்களில் சிலரை அங்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். விழுப்புரத்தில் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்தவள் நான், லீடர்களில் ஒரே பெண். என்னையும் அனுப்பினார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தேன்.

சுற்றுலாக்காரர்கள் இறங்காத ஊர் அது. நடுவில் ஓர் ஆறு, இரு கரையிலும் ஃபேக்டரிகள். ஒரு ஃபேக்டரியின் மதில் முடிகிற இடத்தில் நெல் வயல் தொடங்கும், வயல் முடிந்ததும் அடுத்த மதில். அறுத்த நெல்தாள் பனியில் அப்படியே நின்றுகொண்டிருக்கும். எங்கள் பக்கம் ஃபேக்டரி வருகிறது என்று பேச்சு கிளம்பினாலே வயலில் கல் நட்டு ப்ளாட் போட்டுவிடுவார்கள். அங்கே அந்த வயலை ஒருவரும் தொடவில்லை. தினமும் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஸ்டேஷன் தெருவில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கியே கிடந்தன. படித்த பிள்ளைகள் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்களாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு கேட்கும். நான் முதல் நாள் ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன். அது பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும் மெட்டு. அதைக் கேட்டு ஓடுவதற்குத்தான் தெருவில் பிள்ளைகள் அதிகம் இல்லை. இருட்டியதும் சூப்பர் மார்க்கெட்டில் மிஞ்சிய பலகாரத்துக்குப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதற்காகவே கோட்டுப் போட்ட ஆட்கள் கூடையோடு சுற்றிச் சுற்றி வருவார்கள், நானும்தான் வருவேன். குப்பையில் பாட்டில் மூடியைக் கலந்து போட்டேன் என்று பக்கத்து வீட்டு அம்மாள் என் பையைத் திரும்ப என் கதவிலேயே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பஸ்ஸ்டாப்பில் பார்த்தபோது எதுவும் நடக்காததுபோல் குனிந்து வணக்கம் சொன்னார்.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பெரிய ஃபேக்டரிக்குப் பின்சந்தில் சின்னச் சின்ன ஷெட்டுகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் தலை நிமிராமல் வேலை செய்வார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் எங்கள் ஷிப்ட் பஸ்ஸில் வரும் பெண்களின் முகம் ஞாபகம் வரும். எல்லா ஊரிலும் ஒரு பின்சந்து இருக்கிறது. ஆனால் நான் வேலை பார்த்த ஃபேக்டரியில் ஒரு கயிறு இருந்தது. நான் சொல்ல வந்தது அந்தக் கயிற்றைப் பற்றி.

லைன் ஓரமாக, தலைக்கு மேல், கை எட்டும் உயரத்தில் ஒரு மஞ்சள் கயிறு நீளமாகக் கட்டியிருப்பார்கள். தகடு கோணலாக வந்தாலும் சரி, மிஷின் சத்தம் மாறினாலும் சரி, மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டாலும் சரி, யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்தால் விளக்கு எரியும், மணி அடிக்கும், லைன் நிற்கும். நேற்றுச் சேர்ந்தவனும் இழுக்கலாம். முதல் வாரம் ஒரு தகடு கோணலாக வந்தபோது நான் இழுக்கவில்லை. நம் ஊரில் வேலையை நிறுத்தினால் திட்டுத்தானே விழும்? சுத்தியலால் தட்டிச் சரிசெய்து அனுப்பிவிட்டேன். அங்கிருந்த லீடர், என் வயதுப் பெண், அதைப் பார்த்துவிட்டாள். ஏன் இழுக்கவில்லை என்று கேட்டாள். கோபப்படவில்லை, வருத்தப்பட்டாள். அடுத்த முறை இழுத்தேன். லைன் நின்றதும் அவள் ஓடிவந்தாள். வந்து நின்று கேட்ட முதல் வார்த்தை, என்ன ஆச்சு. சொன்னேன். பார்த்தாள், சரிசெய்தாள், தலை குனிந்து நன்றி சொன்னாள், போய்விட்டாள். இவ்வளவுதான். அன்று ராத்திரி நான் அழுதேன். வேலை செய்கிற இடத்தில் யாரும் எனக்கு நன்றி சொல்லி அதுவரை கேட்டதில்லை.

திரும்பி வந்தால், திண்டிவனத்திலும் அதே கயிறு. அதே மஞ்சள், அதே உயரம். வரவேற்பறையில் அந்த ஊரின் பெரிய போட்டோ ஒன்றும் மாட்டியிருந்தார்கள், ஆறும் ஃபேக்டரியும் தெரிகிற மாதிரி. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. மேனேஜர் லீடர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தக் கயிறு ஆடிட்டுக்கு. கேக்குறவங்களுக்கு இருக்குன்னு காட்டணும். யாரும் இழுக்கக் கூடாது. லைன் நின்னா என் தலைதான் உருளும்."

"அங்க எல்லாரும் இழுப்பாங்க சார்," என்றேன்.

"இது ஜப்பான் இல்லம்மா. நம்ம ஜனங்க கையில இதைக் குடுத்தா டீ குடிக்கணும்னாக்கூட இழுப்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது."

நம்ம ஜனங்க. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஊரில் அவர் ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. போன நாட்களிலும் கொண்டுபோன ஊறுகாயையும் பொடியையும் தின்றுவிட்டு ஹோட்டல் அறையிலேயே இருந்தவர். அவர் எனக்கு இரண்டு ஊர் ஜனங்களையும் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் நிலம் ஓமந்தூர்ப் பக்கம் இருக்கிறது. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கியதும் செடியிலிருந்து காயைப் பிரிக்கிற மிஷினை டிராக்டரில் மாட்டி வயலில் ஓட்டுவார்கள். கூலிக்கு வந்த பெண்களில் யாராவது "ஏய்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அப்பா முதலில் இன்ஜினை அணைப்பார், அப்புறம்தான் "இன்னாம்மா ஆச்சு" என்று கேட்பார். ஒரு முறை யாருடைய முந்தானையோ பெல்ட்டுப் பக்கம் போயிருந்தது. இன்னொரு முறை ஒன்றுமே இல்லை, மண்ணாங்கட்டி விழுந்த சத்தம். ஒன்றுமில்லை என்றதும் சிரித்துவிட்டு மறுபடி ஓட்டினார். கூப்பிட்டது யார் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. இதற்கு ஜப்பான் போக வேண்டியதில்லை. நம்ம ஜனங்களுக்கு ஒத்துவராதது எது என்று மேனேஜரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். யாரோ கயிற்றுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு சாமந்தி மாலை வேறு. ஐயர் கற்பூரத்தைக் கயிற்றுக்கு நேராகவும் ஒரு சுற்றுக் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம், நானும்தான் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் அந்தக் கயிற்றை இழுக்கவே எல்லோருக்கும் கூசியது. மாலை காய்ந்தும் யாரும் அதை எடுக்கவில்லை. அடியில் நடக்கும்போது சில பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மேனேஜருக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? போர்டு எழுதி வைத்தால்கூட ஜனங்கள் அவ்வளவு தூரம் தள்ளி நின்றிருக்க மாட்டார்கள்.

என் லைனில் பிரஸ் மிஷினில் ஒரு பெண் இருந்தாள். மரக்காணத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய குப்பத்திலிருந்து வருவாள். விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவாள். கான்ட்ராக்டில் சேர்ந்தவள். வேகமான கை. அவள் கொண்டுவரும் கருவாட்டுத் தொக்குக்காகவே சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் இடம் பிடிப்போம். தகட்டை உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுத்ததும் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருந்தால் இறங்காமல் தடுக்க ஒரு சென்சார் உண்டு. அது பழுதாகி, சும்மா சும்மா மிஷினை நிறுத்தியது. உற்பத்தி குறைகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, மிஷின் பாட்டுக்கு ஓடும்படி ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நான் மெயின்டனன்ஸில் போய்ச் சொன்னேன். மேனேஜரிடம் சொன்னேன். ஸ்பேர் வருகிற வரைக்கும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிரஸ்ஸுக்கு யார் ஜாக்கிரதை சொல்வது?

அவள் என்னிடம் கேட்டாள். "அக்கா, நீங்க போன ஊர்ல இந்த மாதிரி ஆனா இன்னா பண்ணுவாங்க?"

"கயிறு இழுப்பாங்க," என்றேன்.

அதைச் சொன்னதற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

ஒரு காலை, அவள் கை இன்னும் உள்ளே இருக்கும்போதே பிரஸ் தானாக இறங்கியது. எப்படி இழுத்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கையுறையின் நுனி மட்டும் தகட்டோடு நசுங்கிப் போயிற்று. இரண்டடி பின்னால் நகர்ந்தாள். நிமிர்ந்து, காய்ந்த மாலைக்குக் கீழே கையைக் கொடுத்து, கயிற்றை இழுத்தாள். சாமந்தி இதழ்கள் உதிர்ந்து அவள் தலையில் விழுந்தன. மணி அடித்தது, மொத்த லைனும் நின்றது. ஷெட்டுக்குள் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. தூரத்தில் ஹைவேயில் லாரி போவதுகூடக் கேட்டது.

மேனேஜர் ஓடிவந்தார். அந்த ஊரிலும் ஓடித்தான் வருவார்கள். இவர் வந்து கேட்ட முதல் வார்த்தை வேறு.

"யாரு? யாரு இழுத்தது?"

திரும்பத் திரும்ப அதையே கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். நசுங்கவிருந்த கை அதுதான். அதை அவர் பார்க்கவே இல்லை, முகத்தை மட்டும்தான் பார்த்தார். நான் குறுக்கே போய் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்ல, "நீ சும்மா இரும்மா, ஜல்தி லைனை ஸ்டார்ட் பண்ணு" என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் அவளை ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்ட்காரர் போனில் சொன்னாராம். காரணம் கேட்டதற்கு, ஒழுங்கு நடவடிக்கை என்றாராம். ஒழுங்கு.

மேனேஜர் அறைக்குப் போய் நான் சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறிவிடும், வீட்டிலும் அப்படித்தான். "சென்சாரைக் கழட்டினவங்க உள்ள இருக்காங்க, கையைக் காப்பாத்திக்கினவ வெளிய போயிட்டா. இது இன்னா நியாயம் சார்?" என்றேன். "உன்னை அந்த ஊருக்கு அனுப்புனதே தப்பாப் போச்சு, பெரிய பேஜாரு," என்றார். அவர் வாயிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலமே புது சென்சார் வந்து மாட்டப்பட்டது. அதுவரை வராத ஸ்பேர், அன்றைக்குச் சாயங்காலம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மரக்காணம் போனேன். உப்பளத்தைத் தாண்டிக் குப்பத்துக்குள் நடந்து போனால், கரையில் அவள் அம்மாவோடு உட்கார்ந்து மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டாள்.

"வேற கம்பெனிக்கும் சொல்லி வச்சிட்டாங்கக்கா. போன எடத்துல எல்லாம், கயிறு இழுக்குற பொண்ணு நீதானான்னு கேக்குறாங்க."

அவள் அம்மா என்னிடம், "இவ இன்னாமோ தப்புப் பண்ணிட்டான்னு ஊரே பேசிக்கினு கீது. இன்னா தப்புன்னு நீங்களாவது சொல்லுங்க," என்றார். நான் தப்பே இல்லை என்றேன். அப்போ எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்டார். எனக்கே புரியாததை எப்படிச் சொல்வது?

பஸ்ஸ்டாப் வரைக்கும் அவள் கூடவே வந்தாள். "வேலை போனதுகூட எனக்குப் பெருசா இல்லக்கா. அத்தினி பேர் நின்னுக்கினு இருந்தாங்க. ஒருத்தராவது இன்னா ஆச்சுன்னு கேட்டாங்களா?" என்றாள். பஸ் வந்துவிட்டது. திண்டிவனம் வரைக்கும் எனக்கு அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து அந்த ஊரிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தார்கள். தரைக்குப் புதுப் பெயின்ட், வாசலில் கோலம், ரோஜா மாலை, சந்தனக் கிண்ணம். கயிற்றில் இருந்த பழைய மாலையை எடுத்துவிட்டுப் புது மாலை போட்டார்கள். கொஞ்சம் ஜப்பான் மொழி தெரியும் என்பதால் என்னைக் கூடவே நடக்கச் சொன்னார்கள். மேனேஜர் சொல்வதை மட்டும் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே உத்தரவு.

வந்தவர்களில் மூத்தவர் கயிற்றின் கீழே நின்றார். மாலையைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்காக ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு, சமீபத்தில் இதை எத்தனை முறை இழுத்தார்கள் என்று கேட்டார். மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தி, "ஒருமுறைகூட இல்லை" என்றார். நான் அப்படியே சொன்னேன். மூத்தவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. எனக்கு மொழி தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அந்த ஊரில் கயிறு அசையவே இல்லை என்றால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஜனங்கள் பயந்துபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை ஒரு குளிர்காலம் அங்கே இருந்த எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது, அவர் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஒருமுறை இழுத்துக் காட்டச் சொன்னார் அந்த மனிதர்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் நான் கையை உயர்த்தி இழுத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எரியவில்லை, மணி அடிக்கவில்லை. பிரஸ்கள் பாட்டுக்குத் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் பலமாக இழுத்தேன், மாலை அறுந்து கீழே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், உத்திரத்தில், கயிற்றிலிருந்து மணிக்குப் போகும் ஒயரின் நுனியைக் கறுப்பு டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார்கள். அவள் இழுத்ததற்கு அப்புறம் அதைத் துண்டித்துவிட்டிருக்கிறார்கள். இத்தனை மாதமாக எங்கள் தலைக்கு மேல் வெறும் கயிறு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

யாராவது எப்போதாவது இழுத்திருக்கிறார்களா என்று அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "இல்லைன்னு சொல்லும்மா," என்றார் மேனேஜர், தரையைப் பார்த்துக்கொண்டு. இழுத்திருக்கிறார்கள் என்றேன் நான். தெரிந்த அரைகுறை மொழியில், பிரஸ், கை, மரக்காணம், வேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இலக்கணம் பூராவும் தப்பாகத்தான் இருந்திருக்கும். அவருக்குப் புரிந்தது.

ஒயரை மறுநாளே இணைத்தார்கள். வந்தவர்களில் ஓர் இன்ஜினியர் பாண்டிச்சேரியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் லைன் பக்கம் வந்து நிற்க ஆரம்பித்தார். அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஆத்திரம் தீரவில்லை, இப்போதும் தீரவில்லை. அவள் கயிற்றை இழுத்தாள், நான் கத்தினேன், அது யார் காதிலும் ஏறவில்லை. கடல் தாண்டி ஒருவர் வந்து முகம் சுளித்த பிறகுதான் அவள் கை இவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. மேனேஜர் அதே அறையில், அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கையுறையைப் போட்டாள், பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். லைன் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நிமிர்ந்து கயிற்றை இழுத்தாள். விளக்கு எரிந்தது, மணி அடித்தது, எல்லாம் நின்றது.

மேனேஜர் ஓடிவந்தார். அந்த இன்ஜினியர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "யா..." என்று ஆரம்பித்த வாயை மேனேஜர் மூடிக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல சார்," என்றாள் அவள். "கேக்குறீங்களான்னு பாத்தேன்."